முட்டுக்கு நேர்ந்த நடை

கட்டைப் பிரித்து, தையலையும் எடுத்து, பஞ்சால் துடைத்த பிறகு அந்தப் பெண்ணின் முட்டில் மிஞ்சியவை மூன்று சின்னப் புள்ளிகளும், அவற்றுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு கோடும்தான். அத்தை மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி பையக் குனிந்து பார்த்தார். காலைத் திருப்பச் சொல்லி மறுபக்கமும் பார்த்தார். பின்னால் எங்கேயாவது பெரிய வெட்டு ஒன்றை நாங்கள் ஒளித்துவைத்திருக்கிறோமோ என்ற சந்தேகம் அவருக்கு. “இம்புட்டுதானா?” என்று கேட்டார். ஆமாம், இப்போதெல்லாம் இப்படித்தான், பெரிதாகக் கிழிப்பதில்லை என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். “அப்போ நல்லாப் போச்சு. முருகன் கண்ணத் தொறந்துட்டான். தைப்பூசத்துக்குப் பிள்ள நடந்துரும்” என்றார். அவர் சொன்னது வீட்டுக்குள் நடப்பதை அல்ல, திருச்செந்தூருக்கு நடப்பதை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கிறது என் அறை. வாசலில் பிசியோதெரபி என்று பலகை தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் எக்சசைஸ் ரூம் என்கிறார்கள். என் வேலை முட்டுகளை மடக்கி நீட்டுவது. இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கபடி ஆடி ஜவ்வு கிழிந்தவர்கள், உவரிப் பக்கத்திலிருந்து வரும் கால்பந்துப் பையன்கள், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகித் தடுக்கி விழுந்தவர்கள் என்று கூட்டம் குறைவதில்லை. டாக்டர் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டிவியைப் பார்த்தபடி வேலையை முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என் பாடு. மடக்குங்க, நீட்டுங்க, தொடையை இறுக்குங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த வைத்தியத்தில் ஒரு தொல்லை உண்டு. தழும்பு பெரிதாக இருந்தால் ஊரே பயந்து பிள்ளையை உட்காரவைக்கும். புள்ளி அளவு காயத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. உள்ளே எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை நான்தான் வாய் வலிக்கச் சொல்ல வேண்டும். சொன்னாலும் பாதிப் பேர் நம்புவதில்லை.

அந்தப் பெண் ஏரலுக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு வாழைக்காட்டு ஊரிலிருந்து வந்தவள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு கேரளத்துப் பக்கம் போனவர், வருவதில்லை. வளர்த்தது அப்பாவின் அக்காதான். அவரை அவள் அத்தை என்று கூப்பிட, நாங்களும், டாக்டரும், தரை துடைக்க வரும் அக்காவும்கூட அத்தை என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டோம். நடவு, களையெடுப்பு, வாழைத்தார் சுமப்பது என்று எது கிடைத்தாலும் செய்தவர். நல்ல வாய். என்னை எக்சசைஸ் அம்மா என்பார். என் சேலை மடிப்பு சரியில்லை என்றால் எத்தனை பேர் இருந்தாலும் சொல்லிவிடுவார். பெண் கபடியில் கெட்டிக்காரி. பாடிக்கொண்டு எதிராளிகளின் எல்லைக்குள் போனால் வெறுங்கையோடு திரும்பாதவள் என்று அவள் கல்லூரியில் பெயர். ஒரு அரசுத் துறையின் கபடி அணி ஆட்கள் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த தேர்வுக்குக் கட்டாயம் வா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அணியில் எடுத்தால் வேலையும் சேர்ந்து கிடைக்கும். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதை அத்தை என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “எனக்கப்புறம் இவளுக்கு ஆரும்மா இருக்கா? வேல ஒண்ணு இருந்தா அது பாத்துக்கிடும்.”

ஒரு பந்தயத்தில் எதிரணிப் பெண் தொடையைப் பிடித்து மடக்கியபோது, ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே டொக்கென்று சத்தம் கேட்டது என்று அவளே சொன்னாள். ஊரில் முட்டையும் உளுந்தும் சேர்த்துப் பற்றுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று மறுபடி ஆடப்போய், மறுபடி விழுந்து, அதன்பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். முன்ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. அறுவை நாளில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தாலும் அவள் விழித்துத்தான் இருந்தாள். தன் முட்டின் உள்ளறையை டிவியில் பார்த்தபடி கிடந்தாள். துளை வழியாக ஓயாமல் தண்ணீர் விட்டுத்தான் அந்த வேலையைச் செய்வார்கள். “உள்ள கடல் மாரி இருந்துச்சு மேடம். கிழிஞ்சது எல்லாம் பாசி மாரி ஆடுச்சு” என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். அவள் உள்ளே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே அத்தை கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கடலோரத்துச் சாமியிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளையின் முட்டு நல்லாகிவிட்டால், இந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவள் உன் சன்னதிக்கு வெறுங்காலோடு நடந்து வருவாள் என்று நேர்ந்துகொண்டார். சரியாக வேண்டிய முட்டையே பணயம் வைத்து ஒரு நேர்ச்சை. உலகத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது.

தையல் எடுத்த அன்று தொடங்கியது வழக்கு. எனக்கு எதிராளி முருகன். எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு, நேர்ச்சை கிடையாது. அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார். அதனால் அத்தைக்கு என்மேல் ஆரம்பத்திலேயே ஒரு இரக்கம், இவளுக்கு என்ன தெரியும் என்று. நானும் விடவில்லை. புதிதாக வைத்த ஜவ்வு உள்ளே ஒட்டிப்பிடிக்க மாதங்கள் ஆகும், நடுவில் ஒரு காலம் அது முன்னைவிட மெலிந்திருக்கும், அந்தக் காலத்தில்தான் வலியும் இருக்காது, வலி இல்லாததால்தான் ஆட்கள் கெடுத்துக்கொள்கிறார்கள், தைப்பூசம் வருவது சரியாக அந்த நேரத்தில் என்றேன். அத்தை அசையவில்லை. நட்ட நாற்று பழுத்துப்போய் நின்று பிறகுதானே வேர் பிடித்துப் பச்சையாகிறது, அதுபோல என்று அவருடைய தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். “நாத்த நட்டுட்டு வரப்புல நாம நடக்கத்தானே செய்யுதோம்?” என்றார். அடுத்த வருஷம் நடக்கட்டுமே என்றேன். “குடுத்த வாக்க அடுத்த வருசத்துக்குத் தள்ளுனா, குடுத்த முட்டயும் அவன் அடுத்த வருசத்துக்குத் தள்ளிருவான்லா” என்றார். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காலை நீட்டியபடி கிடந்தாள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது. அத்தை நட என்றால் அவள் நடந்துவிடுவாள் என்பது எனக்கும் தெரிந்தது. முட்டு போனால் தேர்வு போகும், தேர்வு போனால் வேலை போகும். இதையெல்லாம் அத்தைக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அதற்காகத்தானே நேர்ந்துகொண்டதே.

கடைசியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனுஷர், நேரம்தான் கிடையாது. அறுவையின்போது பதிவான படத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அறுந்த ஜவ்வையும், பின்தொடையிலிருந்து ஒரு நரம்பை உருவி மடித்து அதற்குப் பதிலாக எலும்பில் துளையிட்டுக் கோத்ததையும் காட்டினார். நரம்பு என்றுதான் நாங்கள் புரிவதற்காகச் சொல்வோம். தசையின் முனையில் இருக்கும் நார் அது. அத்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்தார். வெள்ளையாக, முறுக்கிய நாராக, புது ஜவ்வு இழுத்துக் கட்டப்பட்டது. “வாழநாரு மாரில்லா இருக்கு” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழக்கில் ஜெயித்துவிட்டோம் என்று டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் அத்தை கேட்டார். “அவ தொடயில இருந்து எடுத்துத்தான முட்டுக்குள்ள வச்சிருக்கீய? இல்லாத எடத்துக்கு இருக்கிற எடத்துல இருந்து எடுத்துக்கிடலாம்னு நீங்களே சொல்லுதீய. அப்போ அவளால நடக்க முடியாத நடய நான் நடந்தா, முருகன் வேண்டாம்னா சொல்லப்போறான்?”

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், நிம்மதியில். பெண்ணின் முட்டு பிழைத்தது. ஆனால் அத்தை நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, உடம்பை முன்னால் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு, தவணை முறையில் எழுந்தார். இத்தனை நாளும் அவர் குனிந்ததையும் நிமிர்ந்ததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டரும் கவனித்துவிட்டார். உட்காரச் சொல்லி முட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். உள்ளே கரகரவென்று அரைபடுவது எட்ட நின்ற எனக்கே கேட்டது. சேற்றில் குனிந்தும் தார் சுமந்தும் தேய்ந்த முட்டு. அத்தைக்கு டாக்டர் கை வைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. சின்னப்பிள்ளைபோல ஆசையாகக் கேட்டார்: “பிள்ளைக்குப் போட்ட மாரி எனக்கும் ஓட்ட போட்டு எதும் செய்ய முடியாதா, டாக்டரய்யா?” டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். “உங்களுக்கு ஜவ்வு இல்லம்மா, எலும்பே தேஞ்சிருக்கு. இதுக்குத் துளை போட்டுப் பிரயோஜனம் இல்ல. முட்டையே மாத்தணும், திறந்துதான் செய்யணும்” என்றார். “அது கெடக்கட்டும்” என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார் அத்தை. டாக்டர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, வைத்தியம் அப்படித்தான். விளையாட்டில் அறுந்ததைத் துளை வழியாகக் கட்டிவிடலாம், வருஷக்கணக்கில் உழைத்துத் தேய்ந்ததை அப்படிச் செய்ய முடியாது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது கசந்தது.

பூசத்துக்கு முன்பு ஒரு விடிகாலை நான் டூட்டிக்கு வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் பச்சைச் சேலை கட்டிய ஒரு கூட்டம் நின்றது. மாலை போட்டு விரதம் இருந்தவர்கள். நடுவில் அத்தை, வெறுங்கால். பெண் ஆட்டத்துக்குப் போடும் நீ கேப் என்ற முட்டு உறையை வாங்கித் தன் வலது முட்டில் மாட்டியிருந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கி எனக்குக் காட்டினார். அது அளவு சின்னது, சதையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இதைப் போட்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், கழற்றுங்கள் என்றேன். “அவ நடக்கிற நடதான இது? அவ சாமான் ஒண்ணாச்சும் வரட்டும்” என்றார். வழியில் முடியவில்லை என்றால் பஸ் ஏறிவிடுங்கள் அத்தை, ஸ்ரீவைகுண்டத்திலேயே ஏறிவிடுங்கள் என்று கெஞ்சினேன். “பஸ்ல போறதுக்கா நேந்தேன்? நீ போய்ப் பிள்ளைக்குச் சொல்லிக்குடும்மா” என்று சொல்லிவிட்டு, அரோகரா என்று கூட்டத்தோடு கிளம்பினார். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவர் போனதை ரோடு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று என் அறையில் பெண் தானாகவே பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். நான் சொன்னதற்கு மேலேயே தொடையை இறுக்கினாள். போதும் என்றாலும் நிறுத்தவில்லை.

அத்தை போய்ச் சேர்ந்தார். கடைசித் தூரம் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடலில் குளித்து, கும்பிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் வந்தார். வந்தபோது இரண்டு முட்டும் வீங்கி, பாதம் கொப்புளித்து, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் நடவுக்குப் போகவில்லை. போக முடியவில்லை. வாழைச்சருகு சேர்ப்பது, பூக்கட்டுவது என்று உட்கார்ந்து செய்யும் வேலைகளாகப் பார்த்துக்கொண்டார். அந்த நடையால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லமாட்டேன். அந்த முட்டுகள் எப்படியும் அந்த இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ஆனால் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கும்.

பெண்ணின் முட்டு நான் பார்த்த முட்டுகளிலேயே நன்றாக வந்த ஒன்று. முழுசாக மடங்கியது, முழுசாக நீண்டது. ஒற்றைக் காலில் குதித்தாள், திடுமென்று நின்று திரும்பினாள். அடுத்த பூசத்துக்கு முன்பே ஆடத் தொடங்கிவிட்டாள். தேர்வு எங்கள் ஊர் மைதானத்தில்தான் நடந்தது. அத்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். காலரிப் படி ஏற முடியாததால் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு உட்காரவைத்தேன். பெண் நன்றாக ஆடினாள். மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். என் கண் புள்ளிக்கணக்கில் இல்லை, அவள் முட்டு உள்பக்கமாகச் சாய்கிறதா என்பதில்தான் இருந்தது. சாயவில்லை. ஆட்டம் முடிந்து தேர்வாளர்கள் பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். இவளிடம் வந்ததும் நீ கேப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஆபரேஷன் பண்ணின காலா?” என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள். அவ்வளவுதான். அவர்கள் யாரையும் திட்டவில்லை, விரட்டவில்லை. பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அத்தை கண்ணாடி போட்டுத் தேடிப் பார்த்த அந்தப் புள்ளிகள் அவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்துவிட்டன. நான் போய்ப் பேசினேன். இந்த முட்டு மற்ற முட்டுகளைவிடப் பலமாக இருக்கிறது, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள் என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வயது குறைந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் மேடம் என்றார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பெண் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தேர்வாளர்கள்மேல், டாக்டர்மேல், முருகன்மேல், என்மேல், எல்லார்மேலும். “இதுக்கா அத்தை அம்புட்டுத் தூரம் நடந்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே, என்னைக் கொஞ்சம் கண்டிப்பாகப் பார்த்தார். “முட்டு நல்லாகணும்னு கேட்டேன். நல்லாக்கிக் குடுத்துட்டான்லா. வேலைக்கு எடுக்கணும்னு நான் நேரலியே. அவன எதுக்கு ஏசுத?” என்றார். சற்று நேரம் கழித்து, ரோட்டைப் பார்த்தபடி, “அதுக்கும் நேந்திருந்தா இன்னும் எங்கனயெல்லாம் நடக்கணுமோ” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. பெண் அதற்குப் பிறகு ஆடவில்லை. டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்தாள், அங்கேயே தங்கும் இடமும் உண்டு. அத்தையை என்னிடம் வரச்சொல்லிவிட்டுப் போனாள். அத்தையும் முடிகிறபோது பஸ் பிடித்து வருகிறார். சூட்டு ஒத்தடம் கொடுத்து, படுத்தபடி செய்யும் பயிற்சிகளைச் செய்யச் சொல்கிறேன். அதனால் எதுவும் பெரிதாக மாறப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வந்தால் பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. “ஏசி ரூமு. உக்காந்த எடத்துல பில்லு போடுத வேல. வெயிலு இல்ல, சேறு இல்ல. முட்டுக்கு ஒரு கேடும் வராது” என்று என் அறையில் காத்திருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுவார்.

போன கிறிஸ்மஸுக்குத் துணி எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் அவளைத் தேடினேன், இல்லை. மூன்றாவது மாடியில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார ஒரு முக்காலிகூட அங்கே கண்ணில் படவில்லை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்ட நிறத்துச் சேலை அடித்தட்டில் இருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, மடி நிறையச் சேலைகளை எடுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஒரே மூச்சில் எழுந்தாள். பழக்கத்தில் என் கண் முட்டுக்குத்தான் போனது. இரண்டு காலிலும் பாரம் சமமாக இருந்தது. அவள் கவனித்துவிட்டாள். “நல்லா மடக்குதேன்லா மேடம்?” என்று கேட்டாள். நன்றாக மடக்குகிறாய் என்றேன். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நிற்கத்தான் வேண்டும் என்று அவள் சொல்லாமலே தெரிந்தது. சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “அத்தைகிட்ட பில்லு போடுதேன்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம். நிக்கேன்னு தெரிஞ்சா திரும்பவும் எதையாச்சும் நேந்துக்கிடும்.”

அடுத்த வாரம் அத்தை வந்தார். ஒத்தடத்துக்குக் காலை நீட்டிப் படுக்கவைத்தேன். நான் கடைக்குப் போன செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. “பிள்ளயப் பாத்தியாமே? உக்காந்திருந்தாளா?”

“உக்காந்துதான் இருந்தா அத்தை.”

“முட்டு நோவுதுன்னு எதும் சொன்னாளா?”

“இல்ல.”

“அப்போ சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். “அவளாச்சும் உக்காரட்டும்.”